ஸ்க்ரூபால் காமெடி: ஊரே சிலாகிக்கிறது, எனக்கு மட்டும் ஏன் தலை வலிக்கிறது?

இண்டர்வெல் முறுக்கு:

வணக்கம் மக்களே. இங்கே பழைய ஹாலிவுட் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் வந்து 'ஸ்க்ரூபால் பார்க்காதவன் காமெடியைப் பற்றிப் பேசக் கூடாது' என்று ஒரு குட்டு வைத்துவிட்டுப் போகிறார். சரி, முப்பது நாற்பதுகளில் வந்த இந்தக் கிறுக்குத்தனமான காதல் சண்டைக் காமெடிகளைப் பார்த்துவிடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை 'ப்ரிங்கிங் அப் பேபி' (1938) போட்டேன். கேரி கிராண்ட், கேத்ரின் ஹெப்பர்ன், ஹோவர்ட் ஹாக்ஸ் டைரக்‌ஷன், கூடவே ஒரு நிஜச் சிறுத்தை. குறை சொல்ல முடியாத கூட்டணிதான். ஆனால் அரை மணி நேரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அந்த டேவிட் (கிராண்ட்) பாவம் யாருக்கு என்ன கெடுதல் செய்தான்? மியூசியத்தில் டைனோசர் எலும்புக்கூட்டைப் பல வருஷமாகக் கோத்துக்கொண்டிருக்கிறான், பாக்கி இருக்கும் ஒரே எலும்பு வரப்போகிறது, மறுநாள் கல்யாணம், ஒரு பணக்கார அம்மாள் மியூசியத்துக்குப் பத்து லட்சம் டாலர் தருவாளா மாட்டாளா என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு நிற்கிறான். அங்கே சூசன் (ஹெப்பர்ன்) வந்து சேர்கிறாள். அவனுடைய கோல்ஃப் பந்தை எடுத்து அவள் ஆடுகிறாள், அவனுடைய காரைக் கண்ட இடத்தில் மோதி ஓட்டிக்கொண்டு போகிறாள், குளிக்கப் போனவனுடைய துணிமணியைக் காணாமல் பண்ணி அவனை ஒரு பெண்ணின் இறகு வைத்த அங்கியில் நிற்கவைக்கிறாள், எலும்பை நாய் தூக்கிப் போய்ப் புதைக்கிறது, கடைசியில் எல்லாரும் லாக்கப்பில். ஒரு ஆள் ஒரு பெண்ணை இப்படித் துரத்தினால் நாம் போலீசில் சொல்லச் சொல்வோம். இவள் செய்தால் காதலாம்.

இத்தனைக்கும் நான் சிரிக்காமல் இல்லை. ஹோட்டல் காட்சியில் அவள் அவனுடைய கோட்டைக் கிழிப்பாள், அப்புறம் இவன் அவளுடைய கவுனின் வாலை மிதித்துக்கொண்டு நிற்க, அவள் விருட்டென்று நடந்து போக, பின்பக்கத் துணி மொத்தமாகக் கையோடு வந்துவிடும். அது தெரியாமல் அவள் பாட்டுக்கு நின்று அவனைத் திட்டுகிறாள், இவன் தொப்பியை வைத்து மறைக்கப் பார்க்கிறான். விஷயம் தெரிந்ததும் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் கால் எடுத்து வைத்து வாசலைத் தாண்டுவார்கள். அந்த இடத்தில் சோபாவிலிருந்து விழாத குறை. ஆனால் அடுத்த பத்தாவது நிமிஷம் மறுபடியும் எரிச்சல்.

என் சந்தேகம் இதுதான். இந்த வகைப் படங்களே இப்படித்தானா, இல்லை நான் தொடங்கிய படம்தான் தப்பா? வசனம் வேறு சப்டைட்டிலை விட வேகமாக ஓடுகிறது. உங்களில் இதை ரசித்துப் பார்ப்பவர்கள் உண்மையிலேயே எதை ரசிக்கிறீர்கள்? 'கிளாசிக்' என்பதால் ரசிக்கிறேன் என்கிற பதில் வேண்டாம், ப்ளீஸ்.

---

பழைய பயாஸ்கோப்:

முறுக்கு சார், உங்கள் எரிச்சலுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். ஹாக்ஸே பிற்காலத்தில் இந்தப் படத்தில் இருக்கும் பெரிய குறை என்று சொன்னது, இதில் ஒருத்தர்கூட சாதாரண மனிதர் இல்லை என்பதைத்தான். தோட்டக்காரன், போலீஸ்காரர், மனநல டாக்டர் எல்லாருமே கழன்ற கேஸ். கால் ஊன்றிக்கொள்ள ஒரு இடம் இல்லாமல் போனால் பைத்தியக்காரத்தனம் எடுபடாது. வெளியானபோதும் படம் கையைக் கடித்தது. அதே வருஷம்தான் தியேட்டர்காரர்கள் ஹெப்பர்னை 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று பட்டியல் போட்டு விளம்பரம் கொடுத்தார்கள், அவரும் ஆர்கேஓ ஸ்டுடியோவோடு கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். இன்றைக்கு எல்லாரும் உச்சியில் வைத்துக் கொண்டாடுவதால் முதலில் இதைப் போடு என்கிறார்கள். என்னைக் கேட்டால் இது கடைசியாகப் பார்க்க வேண்டிய படம். இந்த வகையின் மற்ற படங்களைப் பார்த்துப் பழகியவனுக்குத்தான் இதில் ஹாக்ஸ் எவ்வளவு தூரம் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார் என்பது புரியும்.

ஒரு சின்ன விஷயம். படப்பிடிப்பின் தொடக்கத்தில் ஹெப்பர்ன் 'நான் காமெடி பண்ணுகிறேன் பார்' என்று நடித்துக்கொண்டிருந்தாராம். ஹாக்ஸ் சொல்லியும் சரிவராமல், வால்டர் காட்லெட் என்ற பழைய மேடைக் காமெடியனைக் கூப்பிட்டு அவருக்கு நடித்துக் காட்டச் சொன்னார். காட்லெட் அந்தக் காட்சியைத் துளி சிரிப்பில்லாமல், உயிர் போகிற காரியம்போல் நடித்துக் காட்டினார். அம்மாள் பிடித்துக்கொண்டார். காட்லெட்டைப் படத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டார், கடைசியில் வரும் அந்தப் போலீஸ்காரர் அவர்தான். நீங்கள் சிரித்த ஹோட்டல் காட்சியை மறுபடி பாருங்கள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. மானம் போகிறதே என்கிற கவலை மட்டும்தான்.

சரி, நான் எதை ரசிக்கிறேன்? காதலைச் சண்டையாகவே காட்டுவதை. இதற்கு ஒரு வெளிக்காரணமும் உண்டு. 1934 நடுவில் ஜோசப் ப்ரீன் பொறுப்புக்கு வந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்த ஆரம்பித்தார்கள். கல்யாணமாகாத ஜோடி ஒரே அறையில் இருக்கக் கூடாது, கள்ளக்காதலை நல்லதுபோல் காட்டக் கூடாது, ஆயிரம் 'கூடாது'. எழுத்தாளர்கள் கண்டுபிடித்த சந்து என்ன தெரியுமா? விவாகரத்து. ஏற்கனவே புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்கள், இப்போது பிரிந்துவிட்டவர்கள், மறுபடி சேரப்போகிறவர்கள். அவர்களை எந்த அறையில் வைத்தாலும் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்டான்லி கவெல் என்ற தத்துவப் பேராசிரியர் 1981-இல் இப்படி ஏழு படங்களை எடுத்துக்கொண்டு, இவையெல்லாம் மறுமணக் கதைகள் என்று ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஏழில் உங்கள் சிறுத்தைப் படமும் உண்டு. அது மறுமணம் எப்படி ஆகும் என்று கேட்காதீர்கள், பேராசிரியர்கள் நினைத்தால் எதையும் ஆக்குவார்கள்.

நீங்கள் 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) பாருங்கள். லியோ மெக்கேரி டைரக்‌ஷன், கேரி கிராண்டும் ஐரீன் டன்னும். விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார்கள், அங்கே சண்டையே வளர்ப்பு நாய் யாருக்கு என்பதில்தான். தீர்ப்பு முழுசாக அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது, அந்த இடைவெளிதான் முழுப்படம். மெக்கேரி ஸ்க்ரிப்டைப் பெரிதாக மதிக்காமல் காலையில் செட்டுக்கு வந்து யோசித்து எடுக்கிறவர். கிராண்ட் மிரண்டுபோய் என்னை விட்டுவிடுங்கள் என்று ஸ்டுடியோவிடம் கெஞ்சியிருக்கிறார். கடைசியில் 'கேரி கிராண்ட்' என்று நாம் இன்றைக்கு நினைக்கும் அந்த ஆள் உருவானதே அந்தப் படத்தில்தான். மெக்கேரிக்கு டைரக்டர் ஆஸ்கரும் கிடைத்தது.

அதில் ஒரு காட்சி: ஒக்லஹோமாவிலிருந்து வந்த வெள்ளந்தி எண்ணெய்க் கிணற்று முதலாளி ஒருவன் ஐரீன் டன்னிடம் காதல் கவிதை படித்துக் காட்ட வந்திருக்கிறான். கதவுக்குப் பின்னால் பழைய புருஷன் ஒளிந்திருக்கிறான். இவன் உருகி உருகிக் கவிதை படிக்க, அவன் கதவிடுக்கு வழியாகப் பென்சிலை நீட்டி அவளுக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறான். அவள் சிரிக்க, கவிஞர் தன் கவிதைதான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகிறார். ஒரு முத்தம் இல்லை, ஒரு தொடுகைகூடச் சரியாக இல்லை. ஆனால் யார் யாருக்குச் சொந்தம் என்பது அந்தப் பென்சிலிலேயே முடிந்துபோகிறது.

---

மஞ்சப்பை:

எல்லாம் சரி அண்ணே, காசைப் பற்றி யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்களே. இந்தப் படங்களில் யார் வீட்டிலும் வாடகைப் பிரச்சினை கிடையாது. அமெரிக்காவில் 1933-இல் வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருத்தருக்கு வேலை இல்லை. அந்த ஜனம் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்து, பட்டு கவுன் போட்ட கும்பல் ஷாம்பெயின் கிளாஸோடு கோமாளித்தனம் பண்ணுவதைப் பார்க்கிறது. பணக்காரனைக் கிண்டல் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவன் வீட்டு மாடிப்படியைத்தான் கேமரா ஆசை ஆசையாகக் காட்டும்.

'மை மேன் காட்ஃப்ரீ' (1936) ஒரு உதாரணம் போதும். ஆரம்பம் அபாரம். நியூயார்க்கில் ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் குடிசை போட்டு வாழும் ஆட்கள். பெரிய ஹோட்டலில் பணக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு, யாருக்கும் வேண்டாத பொருட்களைத் தேடிக்கொண்டு வந்தால் பாயிண்ட். ஒருத்தன் ஆடு கொண்டு வருகிறான். பட்டியலில் 'கைவிடப்பட்ட மனிதன்' ஒன்று வேண்டும். அந்தப் பணக்காரக் கும்பலில் ஒரு வீட்டு அக்கா தங்கச்சி, அதில் அக்காக்காரி குப்பைமேட்டுக்கே வந்து, அஞ்சு டாலர் தருகிறேன் வருகிறாயா என்று காட்ஃப்ரீயைக் கேட்கிறாள். அவன் அவளைச் சாம்பல் குவியலில் தள்ளிவிடுகிறான். தங்கச்சி ஜெயிக்கட்டும் என்று அவளோடு போய், அந்தக் கும்பல் முன்னால் நின்று உங்களுக்கெல்லாம் மண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறான். இப்படிச் செருப்பால் அடித்தமாதிரி ஒரு ஆரம்பத்தை வைத்துவிட்டு அப்புறம் என்ன செய்தார்கள்? காட்ஃப்ரீ உண்மையில் பாஸ்டன் பெரிய வீட்டுப் பிள்ளையாம்! காதல் தோல்வியில் குப்பைமேட்டுக்கு வந்தானாம்! கடைசியில் ஷேர் மார்க்கெட்டில் காசு பண்ணி அதே குப்பைமேட்டில் நைட் கிளப் கட்டுகிறானாம், அதற்குப் பெயரும் 'குப்பைமேடு'! அங்கே இருந்தவர்கள் வெயிட்டராகவும் வாசலில் கதவு திறக்கிறவனாகவும் ஆகிவிட்டார்கள், எல்லாரும் சந்தோஷம்.

அந்தத் தங்கச்சியாக வரும் கேரல் லோம்பார்ட் நடிப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல மாட்டேன். ஈர நாய்க்குட்டி மாதிரி படம் பூராவும் அவன் பின்னாலேயே சுற்றும். ஆனால் கடைசியில் அவனுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவே இல்லை, பிடித்து நிறுத்தித் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம். முறுக்கு சாருக்கு வந்த அதே எரிச்சல்.

---

கடைசி பெஞ்ச் அக்கா:

மஞ்சப்பை தம்பி, முடிவைப் பற்றி நீ சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் 'பிடித்து நிறுத்திக் கல்யாணம்' என்று அழுகிறீர்களே, மற்றப் படங்களில் தொண்ணூறு சதவீதம் பெண்ணுக்கு அதுதானே நடந்துகொண்டிருந்தது. ஆணுக்கு நடந்தவுடன் மட்டும் வகை முழுசுக்கும் கோளாறா? எனக்கு இந்தப் படங்களில் முதல் ஈர்ப்பே அதுதான். பெண் காரியத்தைத் தொடங்குகிறாள், பெண் முதலில் பேசுகிறாள், பெண்தான் புத்திசாலி, ஆம்பளை தடுக்கி விழுகிறான்.

'தி லேடி ஈவ்' (1941) பாருங்கள். ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கியது. பார்பரா ஸ்டான்விக் சீட்டாட்ட மோசடிக்காரி, ஹென்றி ஃபாண்டா பாம்பு ஆராய்ச்சி பண்ணும் பீர் கம்பெனி வாரிசு. கப்பலில் சாப்பாட்டு அறையில் அவன் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அறையில் இருக்கும் அத்தனை பெண்களும் அவன் கண்ணில் படப் பார்க்கிறார்கள். ஸ்டான்விக் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பவுடர் டப்பாக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருத்தி செய்வதையும் கிரிக்கெட் கமெண்டரி மாதிரி சொல்லிக்கொண்டே வருவார். இதோ கைக்குட்டையைப் போடுகிறாள், இதோ இந்தப் பக்கம் வந்து பழைய சிநேகிதன் மாதிரி நடிக்கிறாள் என்று. கண்ணாடிக்குள் தெரிவது ஒரு குட்டி சினிமா, அதற்கு டைரக்டர் இவள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, அவன் பக்கத்தில் நடந்து வரும்போது சும்மா காலை நீட்டுவாள். அவன் தொப்பென்று விழுவான். என் செருப்பின் குதிகால் உடைந்துவிட்டது என்று உடனே அவள் சண்டைக்கு வருவாள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கே டிக்கெட் காசு.

இனி நான் எரிச்சல்படும் இடங்கள். 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) தொடக்கத்திலேயே கிராண்ட் ஹெப்பர்ன் முகத்தில் கையை வைத்துத் தள்ளிக் கீழே விழவைக்கிறார், அது ஜோக். அது போகட்டும். ஊர் மேய்ந்துவிட்டு வந்த அப்பா, பெண்ணைப் பார்த்து, உன்னைப்போல் அன்பில்லாத மகள் வாய்த்ததால்தான் நான் அப்படி ஆனேன் என்கிற மாதிரி ஒரு நீளப் பிரசங்கம் செய்கிறார். படமும் அவர் பக்கம்தான். பிரமாதமான வசனம், பிரமாதமான ஒளிப்பதிவு, எல்லாம் அந்தப் பெண்ணைக் குட்டிக் குனியவைக்க. அப்புறம் ஸ்டர்ஜஸின் 'பாம் பீச் ஸ்டோரி' (1942). குடித்த வேட்டைக்காரக் கும்பல் ரயில் பெட்டிக்குள் துப்பாக்கியால் சுட்டு விளையாட, அங்கே வேலை பார்க்கும் கறுப்பின மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதுங்குவதுதான் காமெடி. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதே டைரக்டர்தான் கண்ணாடிக் காட்சியையும் எடுத்தார் என்பதையும் மறக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). மூலத்தில் அது 'தி ஃப்ரண்ட் பேஜ்' என்ற 1928 மேடை நாடகம், ஹில்டி ஒரு ஆண் நிருபர். ஹாக்ஸ் அவரைப் பெண்ணாக்கி, எடிட்டர் வால்டரின் (கேரி கிராண்ட்) முன்னாள் மனைவியாகவும் ஆக்கினார். ரோசலிண்ட் ரஸ்ஸல் கோடு போட்ட கோட்டும் கூம்புத் தொப்பியுமாக அந்த ஆம்பளை நிருபர் கூட்டத்துக்குள் நுழையும்போது அத்தனை பேரும் சமமாகத்தான் பேசுவார்கள், உள்ளுக்குள் தங்களைவிட இவள் மேல் என்று தெரிந்துவைத்திருப்பார்கள். அது தங்கம். ஆனால் மாலி என்று ஒரு ஏழைப்பெண் வருவாள். தூக்குக் கைதிக்கு இரக்கம் காட்டியதற்காக இந்த நிருபர்கள் அவளைப் பற்றிக் கதை கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் நியாயம் கேட்க வந்தவளைச் சீட்டாடிக்கொண்டே நக்கல் பண்ணுவார்கள். பிற்பாடு அந்தக் கைதியை ஹில்டி நிருபர்கள் அறையில் ஒரு மேஜைக்குள் ஒளித்துவைத்திருக்கும்போது, நிருபர்களைத் திசை திருப்ப மாலி ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவாள். ஒரு நிமிஷம் படத்தின் மொத்த மூச்சும் நின்றுபோகும். அடுத்த நிமிஷம் கிராண்ட் வந்துவிடுவார், வேகம் திரும்பிவிடும், மாலியைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மறதி அந்த நிருபர்களுடையதா படத்தினுடையதா என்று எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. இந்த வகையே இரக்கம் வந்தால் வேகம் போய்விடும் என்று பயந்து ஓடுகிற வகை. அதனால்தான் சிரிக்கவும் முடிகிறது, அதனால்தான் சில இடங்களில் வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

முடிவில் தேனிலவுக்கு நயாகரா போகிறோம் என்று ஹில்டி அழுதுகொண்டு சந்தோஷப்படுவாள். வழியில் ஆல்பனியில் ஒரு வேலைநிறுத்தம், அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பான் வால்டர். அவன் கையை வீசிக்கொண்டு முன்னால் போக, அவள் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவாள். இத்தனை சமத்துவம் பேசியவள்!

---

இண்டர்வெல் முறுக்கு:

அக்கா, மாலி விஷயம் கேட்டவுடன் அந்தப் படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நேற்றே இணையத்தில் தேடி எடுத்துப் போட்டேன். பிரதி மங்கல், சத்தம் கரகர, தானாக வரும் சப்டைட்டிலோ அவர்கள் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இருபது நிமிஷத்தில் சோர்ந்துபோனேன். இங்கிலீஷ் ஓரளவு நன்றாகவே புரிகிறவன்தான் நான், ஆனாலும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் யாரைக் கேட்பது?

---

சப்டைட்டில் சாமி:

இது நம்ம ஏரியா. நான் பிழைப்புக்கு சப்டைட்டில் போடுகிறவன், ஆகவே கொஞ்சம் தொழில் பேச அனுமதியுங்கள்.

முதலில் பிரதி. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே', 'மை மேன் காட்ஃப்ரீ' இரண்டுக்கும் அமெரிக்காவில் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் எந்தத் தேய்ந்த ரீலிலிருந்தும் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்தக் குப்பைதான். இரண்டுக்குமே சீர்செய்த நல்ல பிரதிகள் உண்டு. வேகமாகப் பேசும் படத்துக்கு ஒலி சுத்தமாக இருப்பது பாதி உயிர், இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, நிறுத்தி நிறுத்திப் படிப்பது. தயவுசெய்து வேண்டாம். எங்களுக்குத் திரையில் கிடைப்பது இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துச் சொச்சம். சாதாரணப் படத்திலேயே பேசுவதில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மீதியைப் போடுகிறோம். இந்தப் படத்தில் வால்டர் பேசி முடிப்பதற்குள் ஹில்டி ஆரம்பித்துவிடுகிறாள், நடுவே ஃபோனில் ஒருத்தன். யார் வசனத்தைப் போட்டாலும் இன்னொருத்தருடையது போச்சு. ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும். ஹாக்ஸ் இந்தப் படத்துக்கு வசனம் எழுதவைத்தபோது ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் வாலிலும் வேண்டாத சொற்களைச் சேர்த்தார். ஒருத்தர் பேச்சின் வால்மேல் இன்னொருத்தர் பேச்சின் தலை ஏறும். ஏறி மறைவது எல்லாம் அந்த வேண்டாத சொற்கள். நடுவில் இருக்கும் சரக்கு மட்டும் தெளிவாகக் காதில் விழும். அதாவது எல்லாம் கேட்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. நம்மூர் கல்யாண வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து பேசும்போது நீங்கள் எல்லாவற்றையுமா கேட்கிறீர்கள்? ஆனாலும் யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறதல்லவா?

கிட்டத்தட்ட முடிவில் ஒரு இடம் வரும், அங்கே கவனியுங்கள். ஹில்டி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். வால்டர் ஃபோனில் முதல் பக்கத்தை மாற்றி அமைக்கச் சொல்லிக் கத்துகிறான், ஹிட்லர் செய்தியைத் தூக்கி ஜோக் பக்கத்தில் போடு என்கிறான். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற ப்ரூஸ், ஒன்பது மணி ரயிலுக்கு நான் போகிறேன், நீ வருகிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவள் தலையைத் தூக்காமல் ஏதோ பதில் சொல்கிறாள், தட்டச்சு நிற்கவே இல்லை. அவன் போய்விடுகிறான். அவன் போனது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைக்கிறது. அந்த இடத்துக்கு நான் எழுதிய சப்டைட்டிலில் ப்ரூஸின் வசனத்தைத்தான் வைத்தேன், மற்றதை விட்டுவிட்டேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார், ஹிட்லர் ஜோக்கைக் காணோமே என்று. மாற்றிக் கொடுத்தேன், காசு அவருடையது. ஆனால் இன்றைக்கும் சொல்வேன், படம் பார்க்கிறவன் அந்த நேரத்தில் ப்ரூஸைப் பார்க்க வேண்டும்.

---

வடபழனி வாசி:

வேகம்தான் பிரச்சினை என்றால் ஏன் யாரும் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' (1934) சொல்லவில்லை? ஃப்ராங்க் காப்ரா படம். க்ளார்க் கேபிள் வேலை போன நிருபர், க்ளாடெட் கோல்பேர் அப்பாவிடமிருந்து தப்பி ஓடும் கோடீஸ்வரர் மகள், மயாமியிலிருந்து நியூயார்க்குக்கு பஸ் பயணம். யாரும் யார்மேலும் ஏறிப் பேச மாட்டார்கள். மஞ்சப்பைக்கும் பிடிக்கும், காசு இல்லாமல் பச்சைக் கேரட்டைத் தின்பது, பஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து பாடுவது, எல்லாம் இருக்கிறது. படம், டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கரையும் அள்ளிய முதல் படம். இரண்டு கட்டிலுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்குகிற காட்சி இதில்தான்.

இதை இந்தியில் 'சோரி சோரி' என்று 1956-இல் எடுத்தது எங்கள் ஏரியா ஏவிஎம். ராஜ் கபூர், நர்கிஸ், சங்கர் ஜெய்கிஷன் பாட்டு. பாட்டெல்லாம் தேன்தான், ஆனால் பாட்டு வரும்போதெல்லாம் சண்டை நின்றுபோகிறது. சண்டை நின்றால் ஸ்க்ரூபால் இல்லை, சாதாரணக் காதல் படம்.

---

இண்டர்வெல் முறுக்கு:

மறுபடி வந்துவிட்டேன். சாமி சொன்னபடி நல்ல பிரதி தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் பயாஸ்கோப் ஐயா சொன்ன 'தி ஆஃபுல் ட்ரூத்' கிடைத்தது, பார்த்தேன். நிறுத்தவே இல்லை. பென்சில் காட்சியில் சிரித்தேன், அதைவிட அந்தத் தொப்பிக் காட்சியில். ஒரு பாட்டு வாத்தியார் உள்ளே ஒளிந்திருக்கிறார், அவருடைய தொப்பியை நாய் திரும்பத் திரும்பக் கொண்டு வந்து போடுகிறது, கிராண்ட் அதைத் தன்னுடையது என்று எடுத்துத் தலையில் வைத்தால் காது வரை இறங்குகிறது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு மனுஷன் தன் தொப்பி ஏன் பெரிதாகிவிட்டது என்று யோசிக்கும் அந்த முகத்துக்கு வசனமே தேவைப்படவில்லை.

ஆனால் எனக்கு ஒரு புதுப் பிரச்சினை. அந்த ஒக்லஹோமாக்காரன். அவன் பாட்டுக்கு வந்தான், மரியாதையாகப் பழகினான், கவிதை எழுதினான், அம்மாவிடம் அறிமுகம் செய்துவைத்தான். அவனை எல்லாரும் சேர்ந்து கோமாளியாக்கி அனுப்பிவிட்டார்கள். நைட் கிளப்பில் அவன் சந்தோஷமாகக் குதித்து ஆடியபோது ஐரீன் டன் படும் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, கிராண்ட் பேண்டுக்காரருக்குக் காசு கொடுத்து அதே பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்கிறாரே, அது சிரிப்புதான், ஆனால் என்ன கல் நெஞ்சு! நல்லவனாக இருந்தால் இந்தப் படங்களில் ஜெயிக்கவே முடியாதா? நீங்கள் சொன்ன அந்த ப்ரூஸும் இதே ஆள்தான் என்று இப்போதுதான் தெரிந்தது.

---

பழைய பயாஸ்கோப்:

ஆமாம், ரால்ஃப் பெல்லமி. நல்லவனாகத் தோற்பதற்கென்றே பிறந்தவர். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் ப்ரூஸ் எப்படி இருப்பான் என்று ஒருத்தி கேட்கும்போது, கிராண்ட் 'அந்த சினிமா நடிகர் மாதிரி இருப்பான், ரால்ஃப் பெல்லமி' என்றே சொல்வார். அந்தப் படத்தில் அவரை வாட்ச் திருட்டு, பெண்ணிடம் வம்பு, கள்ளநோட்டு என்று மாற்றி மாற்றி உள்ளே தள்ளுவார்கள். நீங்கள் பார்த்த படத்தில் அவர் பியானோ பக்கத்தில் நின்று கர்ணகொடூரமாகப் பாடினாரே, பாடத் தெரியாது என்று சொன்னவரை மெக்கேரி சும்மா பாடு என்று நிறுத்தி எடுத்து அப்படியே வைத்துக்கொண்டது அது. ஆனால் அந்த வேஷத்துக்குத்தான் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, கிராண்டுக்கு அந்தப் படத்துக்கு ஒன்றும் வரவில்லை.

உங்கள் மன ஆறுதலுக்கு 'ட்ரேடிங் ப்ளேசஸ்' (1983) பாருங்கள். கிழவராகிவிட்ட பெல்லமி அதில் பெரும் பணக்கார அண்ணன் தம்பியில் ஒருத்தர், மற்றவர்கள் வாழ்க்கையை வைத்துப் பந்தயம் கட்டி விளையாடுவார். இந்த முறை நல்லவனாகவும் இல்லை. அதிலும் கடைசியில் சொத்து மொத்தமும் போய்விடும்.

---

மஞ்சப்பை:

காசு போகிற படமா? பெயரை மறுபடி சொல்லுங்கள் அண்ணே.